நாலாவது பெட்டி, ஜன்னல் ஓரம்

அத்தியாயம் 14

எட்டு நாளாக அந்த வீட்டில் அஸ்வினிதான் தபால்காரி.

"உங்கப்பாவை சாப்பிட வரச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து வேணி சொல்லுவாள். அப்பா என்னவோ அயலூரில் இல்லை, அடுப்படி வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "பசியில்லைன்னு சொல்லு உங்கம்மாகிட்ட" என்பார் அவர். பதினோராம் வகுப்புப் பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்று கேட்டுவிட்டு மறுபடி கணக்கில் இறங்கிவிடும்.

எல்லாம் அந்தக் கடிதத்தால் வந்த வினை. துவைக்க எடுத்த சட்டைப் பையில் வேணி கண்டெடுத்தாளே, அதுதான். தாம்பரத்தில் அரசு ஊழியர் குடியிருப்பில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே குடிவரச் சம்மதம் என்று அறிவுச்செல்வன் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் விழுப்புரத்தில் குடித்தனம் வைத்ததே அது ஜங்ஷன் என்பதால்தான். அவர் விடிகாலைப் பாசஞ்சரில் வடக்கே தாம்பரம் ஆபீசுக்குப் போவார். அவள் எட்டு மணி ரயிலில் கிழக்கே பாண்டிச்சேரிக்குப் போவாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. குழாய் கழுவும் வேலையில் நுழைந்து, படித்துப் பாஸ் பண்ணி, இன்றைக்கு நாலு பேருக்கு மேல் நிற்கிறவள். தாம்பரத்துக்குக் குடிபோனால் அந்த வேலை போச்சு. அதைக்கூடவா யோசிக்கவில்லை இந்த மனுஷன் என்று நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடிதத்தைக் கொடுக்கக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆபீசில் சேர்க்க வேண்டும்.

அறிவுச்செல்வன் விடிகாலை ஐந்து மணிக்கு வழக்கம் போல ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். தோள்பை கனமாகத் தெரிந்தது. அதற்குள்தான் அந்தக் கடிதம் இருக்கும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேணிக்கு அந்த நிமிஷம்தான் புத்தியில் உறைத்தது. வீட்டில் பேச்செடுத்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். ஆபீசில் வைத்துப் பேசினால் மானம் போகும். ஓடுகிற ரயிலில் வைத்துக் கேட்டால் எங்கே எழுந்து ஓடுவார்?

"அஸ்வினி, தோசை மாவு இருக்குது. ஊத்திச் சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போ. நான் உங்கப்பா ரயிலைப் புடிக்கப் போறேன்."

"சண்டை போடவா, சமாதானம் பண்ணவாமா?" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போனாத்தான் தெரியும்."

ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஸ்டேஷனில் தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கி, படிகளில் ஏறி இறங்கி அவள் மூச்சு வாங்க நின்றபோது பாசஞ்சர் கிளம்பத் தயாராக நின்றது. வண்டிக்கு ரயில்வேக்காரர்கள் மெமு அது இது என்று என்னென்னவோ பேர் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். ஜனங்களுக்கு அது பாசஞ்சர்தான்.

"நாலாவது பெட்டியில ஏறிக்க" என்று அவர் போனில் யார் யாருக்கோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். நாலாவது பெட்டியை எண்ணி ஏறினாள்.

அவர் இல்லை.

ஜன்னல் ஓரத்தில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. அதன் மேல் பச்சைக் கரை போட்ட துண்டு. பக்கத்துச் சீட்டில் ஒரு டிபன் பை. எதிர்ச் சீட்டில் குடை. இத்தனைக்கும் காவலாக நெற்றி ஏறின ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வேணி துண்டின் பக்கம் போனதும் கையை நீட்டித் தடுத்தார்.

"எம்மா, அது ஆளு வர்ற எடம்."

"யாரு வர்றாங்க?"

"நம்ம செல்வம். தினம் வர்றவரு. பதினெட்டு வருசமா அந்த எடத்துல வேற யாரும் உக்காந்ததில்ல." அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவர் வெளியே எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "இன்னாய்யா இது, இன்னும் காணோமே. சரி, நீ உக்காரும்மா. முண்டியம்பாக்கத்துல வந்து ஏறினாருன்னா எழுந்து குடுத்துடணும், ஆமா, சொல்லிட்டேன்."

சீசன் டிக்கெட்காரர்களின் சட்டம் அது. விழுப்புரத்தில் ஏறுகிறவர்கள் நாலு இடம் பிடித்து வைக்க வேண்டும். விக்கிரவாண்டியில் ஒருத்தர், திண்டிவனத்தில் இரண்டு பேர் என்று ஏறுவார்கள். ஜங்ஷனில் வண்டியைத் தவறவிட்டவர்கள் பைக்கில் விரட்டிக்கொண்டு போய் முண்டியம்பாக்கத்தில் பிடிப்பதும் உண்டு. அதனால் வராதவரின் இடத்தை அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் தாரை வார்க்க மாட்டார்கள்.

வேணி துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்தான் அவர் சம்சாரம் என்று சொல்லலாமா? வேண்டாம். சொன்னால் இந்த ஆள் உடனே போன் போட்டு எச்சரிக்கை கொடுத்துவிடுவார். பக்கத்துப் பெட்டியில் ஒளிந்திருந்தாலும் இருப்பார் அந்த மனுஷன். பிடித்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

"எங்கம்மா போற?"

"தாம்பரம். ஒருத்தரைப் பாக்கணும்."

"நான் செங்கல்பட்டு. கோர்ட்டுல வேலை. சவுரிராயன்னு கேட்டா அங்க எல்லாருக்கும் தெரியும்."

முண்டியம்பாக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். அறிவுச்செல்வன் ஏறவில்லை. சவுரிராயன் போனை எடுத்துக் காதில் வைத்தார், வைத்தபடியே இருந்தார், முகம் மாறியது.

"ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கறாரே."

அந்த முகத்தைப் பார்த்து வேணிக்கு என்னவோ போலிருந்தது. ஒரு நாள் ரயிலுக்கு வராததற்கு ஒருத்தர் இப்படியா பதறுவார்?

விக்கிரவாண்டியில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் ஏறினாள். முப்பது வயசு இருக்கும். டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேணி பக்கத்தில் உட்காருவதற்குள்ளேயே கேட்டாள்.

"செல்வம்ணே எங்க?"

"வரல வெண்ணிலா. போனும் எடுக்கல."

"வரலையா? அண்ணே, மாத்திரை என்கிட்டதானே இருக்குது!"

வெண்ணிலா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். உள்ளே இரண்டு மூன்று மாத்திரை அட்டைகள். மடித்த மருந்துச் சீட்டு ஒன்று. "காலையில போடறதும் இதுலதான். வலி வந்தா நாக்குக்கு அடியில வெக்கிறதும் இதுலதான். அவரு பையில ஒண்ணுகூடக் கெடையாதுண்ணே."

வேணி அந்த அட்டைகளைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் பெயர் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் அந்தச் சீட்டோடு அவள் முன்னால் வந்து கையை நீட்டியிருக்கிறார்கள். இருதயக்காரர்களின் மாத்திரை அது.

"ஒரு அட்டையாவது சட்டைப் பையில வெச்சிக்கய்யான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்" என்றார் சவுரிராயன். "கேட்டாத்தானே? 'என் சம்சாரம் லேப்ல இருக்கறவ. தொவைக்கப் போடறப்ப பையைத் துழாவுவா. மாத்திரையைப் பாத்தா அந்த நொடியே புடிச்சிடுவா'ன்னுட்டாரு."

"அப்ப ஞாயித்துக்கிழமை?" வேணி கேட்டாள்.

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று வெண்ணிலாவுக்குத் தோன்றவில்லை. "ஞாயித்துக்கிழமை சவுரி அண்ணன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் குடுப்பாருக்கா. இவரு கத்திரிக்கா வாங்கற மாதிரி வந்து போட்டுக்கினு போவாரு."

கடவுளே! போன மாதத்திலிருந்து மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்கறி மேல் அப்படி ஒரு ஆசை வந்ததே, நானும் சந்தோஷமாகப் பையைக் கொடுத்து அனுப்பினேனே என்று வேணி நினைத்தாள்.

"அவருக்கு இன்னா உடம்புக்கு?"

சவுரிராயன் சொல்லத் தொடங்கினார். கவலையாக இருக்கிறவருக்கு யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருக்கும் அல்லவா, அப்படிச் சொன்னார். போன மாதம் ரெண்டாவது வாரம். மதுராந்தகம் தாண்டி வண்டி போகிறது. பேசிக்கொண்டிருந்த செல்வம் திடீரென்று பேச்சை நிறுத்தினார். சட்டை முழுக்க வேர்வை. இடது கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று சீட்டில் அவரைப் படுக்க வைத்தார்கள். செங்கல்பட்டில் நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து அனுப்பினார்கள்.

"அன்னைக்கே இதே ரயில்ல வூட்டுக்குப் போனாரும்மா, ஒண்ணுமே நடக்காத மாதிரி. சட்டையெல்லாம் கசங்கிக் கெடந்தது."

அந்தச் சட்டை வேணிக்கு ஞாபகம் இருந்தது. டிபன் டப்பாவை எங்கேயோ மறந்துவிட்டு வந்ததற்காக அன்றைக்கு அவரை அவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவர் இரண்டு இட்லி தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"வூட்டுல சொல்லலையா?"

"எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே வேலையை விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்குமாம். முன்னாடி ரெண்டு வாட்டி தாம்பரத்துல வூடு குடுத்தாங்க. சம்சாரத்து வேலை போயிடும்னு ரெண்டு வாட்டியும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. இந்த வாட்டி டாக்டரு, இவ்ளோ தூரம் தினம் அலையாதேன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. அதனாலதான் சம்மதம்னு எழுதினாரு. அதுக்கு வூட்டுல பேஜாரு."

"எட்டு நாளா அந்தக்கா பேசறதேயில்லையாம்" என்றாள் வெண்ணிலா. "கோவம் மூக்கு மேலயே இருக்குமாம். ஆனா டிபன் டப்பாவைத் தொறந்தா போதும், 'என் வேணி, என் வேணி'ன்னு ஒரே பெருமைதான். இந்தப் பெட்டியில நாங்க அவருக்கு வெச்ச பேரே 'வேணி சார்'தான்."

நாலாவது பெட்டியில் இத்தனை பேருக்குத் தெரியும். கோர்ட்டு குமாஸ்தாவுக்குத் தெரியும், கம்பெனிப் பெண்ணுக்குத் தெரியும். ஊரார் ரத்தத்தையெல்லாம் குத்திப் பார்த்து யாருக்கு என்ன என்று எழுதிக் கொடுக்கிறவளுக்கு, தன் பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு என்ன என்று தெரியவில்லை. வேணி மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எம்மா, எம்மா, இன்னாச்சி?"

"நான்தாங்க அந்தக் கோவக்காரி."

சவுரிராயன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. வெண்ணிலா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி! நான் பாட்டுக்கு மூக்கு மேல கோவம் அது இதுன்னு..."

"நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்லம்மா. மொதல்ல அவரு எங்க இருக்காருன்னு பாக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வேணி போனை எடுத்தாள். எட்டு நாளாக அவள் தொடாத எண்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வேணி?"

"எங்க இருக்கீங்க?"

"ரயில்லதான். ஆபீசுக்குப் போய்க்கினு இருக்கேன்."

"எந்த ரயிலு?"

"நம்ம பாசஞ்சர்தான், வேற எது?"

"நாலாவது பெட்டியா?"

"ஆமா."

"ஜன்னல் ஓரமா?"

"ஆமா வேணி, தினம் உக்கார்ற எடந்தான். ஏன் கேக்கற?"

"அந்த எடத்துல நான் உக்காந்திருக்கேன்."

போனில் அவருக்குப் பின்னால் எங்கேயோ விழுப்புரம் ஜங்ஷன் அறிவிப்பு கணீரென்று கேட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு ஸ்டேஷனே துரோகம் செய்தது.

"உன் எட்டு மணி ரயிலுக்காகக் காத்துக்கினு இருக்கேன்" என்றார் கடைசியில். "வூட்டுல நீ மூஞ்சியைத் திருப்பிக்கற. ரயில்ல பக்கத்துல உக்காந்தா பேசிடலாம்னு பாத்தேன். சவுரி கூப்பிட்டுக்கினே இருந்தாரு, எடுத்தா இன்னா சொல்றதுன்னு எடுக்கல."

அவர் அவள் ரயிலுக்குப் போயிருக்கிறார். அவள் அவர் ரயிலுக்கு வந்திருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் வேணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"உனக்கு யாரு..."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"இல்ல." கொஞ்சம் தயங்கினார். "படி ஏறினப்ப லேசா. இப்ப இல்ல. சத்தியமா இல்ல."

"உக்காந்த எடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. படி ஏறக் கூடாது. பக்கத்துல யாரு இருக்காங்க? அவங்ககிட்ட சொல்லி வெய்ங்க. திரும்ப வலி வந்தா 108க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. நான் வர்றேன்."

"நீ எங்கயோ போய்க்கினு இருக்கற, எப்படி வருவே? வேணி, திண்டிவனத்துல எறங்கினா..." என்று அவர் வழக்கம் போல டைம் டேபிளை ஒப்பிக்கத் தொடங்கினார். ரயில் நேரம் என்றால் அவருக்கு எந்த வலியும் மறந்துவிடும். "உங்காளுங்க சொல்லுவாங்க, நீங்க பேசாதீங்க" என்று போனை வைத்தாள்.

உங்காளுங்க அதற்குள் மாநாடே போட்டுவிட்டார்கள். நாலு வரிசைக்கு அந்தப் பக்கமிருந்தவர்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள்.

"மயிலத்துல எறங்கிடட்டுமே?"

"மயிலத்துல எறங்கி? இந்நேரத்துக்கு முருகனைக் கும்பிட்டுக்கினு உக்காந்திருக்க வேண்டியதுதான். திண்டிவனம்தான் சரி."

"திண்டிவனத்துல மதுரைப் பக்கம் போற வண்டி ஒண்ணு வருமே?"

"வரும், நிக்காது. நமக்கு டாட்டா காட்டிட்டுப் போவும். விழுப்புரம் பாசஞ்சரு ஒன்பதுக்கு மேலதான்."

"பஸ்தான் ஜல்தி. ஸ்டேஷனுக்கு வெளிய ஆட்டோ புடிச்சி பஸ் ஸ்டாண்டு. திருச்சி வண்டி எதுனா நிக்கும்."

"அங்கயே மெடிக்கல்ல வாங்கச் சொல்லலாமே அவரை?"

"இந்நேரத்துக்கு எந்தக் கடைய்யா தொறந்திருக்கும்? சீட்டும் வெண்ணிலாகிட்டதான் இருக்குது."

திண்டிவனத்தில் வண்டி நிற்பதற்குள் வெண்ணிலா அந்த டப்பாவை வேணியின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்றாள். சவுரிராயன் வாசல்வரை வந்து கும்பலை விலக்கி இறக்கிவிட்டார். "தங்கச்சி, எங்களைத் தப்பா நெனைக்காத. சத்தியம் வாங்கிக்கினாரு, நாங்க இன்னா பண்றது?"

"மாசம் முழுக்க அவரைப் பாத்துக்கினீங்களே அண்ணே" என்றாள் வேணி.

திருச்சி பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் போட்டாள். "இருக்கேன்" என்பார். "சரி" என்று வைப்பாள். எட்டு நாள் பேசாததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த ஒற்றைச் சொல்லாலேயே பேசித் தீர்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பொறுக்காமல், "இன்னா தாயி, குழந்தையைத் தனியா விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டே விட்டாள்.

எட்டு மணி ரயில் புறப்பட இருந்த சமயத்தில் வேணி பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தாள். சிமென்ட் பெஞ்சில் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அறிவுச்செல்வன். நாற்பத்தெட்டு வயசு மனுஷன், ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தாள். விழுங்கினார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. பாண்டிச்சேரி ரயில் அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

"எட்டு நாளாத்தான் பேசல. அதுக்கு முன்னாடி பேசிக்கினுதானே இருந்தேன்? அப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வேலையை விட்டுடுவே. நீ அந்த வேலைக்கு எம்மாம் கஷ்டப்பட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க இல்லாம அந்த வேலையை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அறிவுன்னு பேருல மட்டும் இருந்தாப் போதுமா?" என்று திட்டிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள். "அந்த லெட்டர் எங்க? குடுங்க."

பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் படித்தாள். அது பழைய கடிதம் இல்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு வீடு வேண்டாம் என்று நேற்றுத் தேதியிட்டு எழுதியிருந்தார். மூன்றாவது தடவை.

"இதைக் காட்டி உன்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். நீ பேசாம இருக்கறதை என்னால தாங்க முடியல வேணி. வலியைக்கூடத் தாங்கிடலாம்."

வேணி அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். "வெள்ளைப் பேப்பர் இருக்குதா? எழுதுங்க. சம்மதம்னு எழுதுங்க."

"உன் வேலை?"

"வேலையை யாரு விடறாங்க? பதினெட்டு வருசம் நீங்க போய் வந்தீங்க. இனிமே நான் போய் வர்றேன். தாம்பரத்துல காலையில பாண்டிச்சேரி பாசஞ்சர் வருதில்ல?"

அவர் அவளையே பார்த்தார். "அது போய்ச் சேரப் பத்தரை ஆயிடும்."

"பதினோரு மணி ஷிஃப்ட்டு கேக்கறேன். பதினோரு வருசம் ஒழச்சவளுக்கு இதுகூடக் குடுக்க மாட்டாங்களா?"

"திரும்பறப்ப?"

"பாண்டியில இருந்து பஸ்ஸுல திண்டிவனம். அங்க ரயிலு. எல்லாம் உங்க நாலாவது பெட்டிக்காரங்களைக் கேட்டுக்கறேன். எனக்கும் வழி சொல்ல ஆளு இருக்குது இப்ப."

"ராத்திரி ஒன்பது ஆயிடுமே வேணி. அஸ்வினி படிப்பு வேற இருக்குது. அவளைக் கேக்க வேணாமா?"

"கேக்கணும். சாயங்காலம் மூணு பேரும் உக்காந்து பேசுவோம். அவளைக் கேக்காம இன்னொரு தப்பு வேணாம். ஆனா லெட்டர் அஞ்சு மணிக்குள்ள போவணும். எழுதுங்க."

எழுதினார். எழுதும்போது கண்ணாடியைக் கழற்றி இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் வேணி கேட்டாள். "படி ஏறாம, இதே பிளாட்பாரத்துக்கு வர்ற தாம்பரம் வண்டி எது?"

பதினெட்டு வருஷத்தில் அறிவுச்செல்வனிடம் எத்தனையோ பேர் எந்த ரயில் சீக்கிரம் போகும், எதில் கூட்டம் இருக்காது என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒன்பதே காலுக்கு ஒண்ணு வரும். ஆனா அது..." என்று அவர் இழுத்தபோது அவருடைய போன் அடித்தது.

வேணி வாங்கிக்கொண்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்.

"அறிவுச்செல்வன் சார் நம்பர்தானே? திங்கட்கிழமை ஆஞ்சியோ டெஸ்டுக்கு வர்றீங்கல்ல? கூட வர்றவர் பேர் சவுரிராயன், நண்பர்னு எழுதியிருக்கு. அவரேதானா?"

வேணி கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட வர ஒரு ஆள் பேர் எழுதச் சொன்னபோது, கட்டினவள் இருக்கும்போதே ரயில் சிநேகிதன் பேரை எழுதிவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கடிதத்தைவிட இது அதிகமாக வலித்தது.

"இல்லம்மா. மாத்தி எழுதிக்கோங்க. பேர் வேணி. அவரோட மனைவி."

"மேடம், நீங்கதானா?" அந்தப் பெண்ணின் குரல் மாறியது. "அப்ப ஒரு விஷயம். நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து டாக்டரைத் தனியாப் பாக்க முடியுமா? குடும்பத்துல இருந்து யாராவது வரணும்னு டாக்டர் சார்கிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார். யாருமே வரலை. நீங்க தனியாப் பாக்கறது சாருக்குத் தெரிய வேணாம்னு டாக்டர் சொன்னார்."

"வர்றேன்" என்றாள் வேணி.

போனை அவரிடம் தரவில்லை. தன் கைப்பையிலேயே, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். பிளாட்பாரத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தாமல் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் அறிவுச்செல்வன்.

"ஒண்ணுமில்ல. திங்கட்கிழமை நேரத்தோட வரச் சொன்னாங்க. அவ்ளோதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேணி அவரிடம் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பிவிட்டார்.